நாற்காலியை விட்டு எழும்பாத அண்ணன்

பூதப்பாண்டி,
செவ்வாய்க்கிழமை காலை.

என்மேல் தீராக் கோபத்தில் இருக்கும் அன்புத் தம்பி மாதேவனுக்கு, அண்ணன் தாணப்பன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மதினி அழகியநாயகியும் பூதலிங்க சுவாமி புண்ணியத்தில் நலம். அங்கும் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும். என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் பிரித்தாவது பார்ப்பாய் என்று எழுதுகிறேன்.

உன் மகள் அபிதா கல்யாணத்துக்கு வெற்றிலைபாக்குத் தட்டோடு நீ அழைக்க வந்தபோது, நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கவில்லை என்பதுதானே உன் வழக்கு? "இருடே மக்கா, எழும்புகேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டாய். கல்யாணப் பந்தியில் என் இலைப் பக்கம் மட்டும் நீ வரவேயில்லை. அடைப்பிரதமன் பாயசம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, இரண்டாவது தடவை விட்டபோதுதான் இறங்கியது.

விஷயம் என்னவென்றால், ஒரு வருஷமாகவே உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பூட்டிக்கொள்கிறது. காலையில் குதிகால் தரையில் பட்டால் உயிர் போய் வரும். மெத்தையை மாற்றினேன், தலையணையை மாற்றினேன், கட்டிலைத் திசை திருப்பிப் போட்டேன், மதினி காய்ச்சிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தும் பார்த்தேன், இன்னும் நன்றாகப் பூட்டிக்கொண்டது. போன மாதம் ஒரு கண் வேறு சிவந்துவிட, எதிர்வீட்டு மரியஜான் "இந்த வயசிலயா அண்ணாச்சி குடிக்கப் பழகுனியோ?" என்று விசாரித்தார். கடைசியில் நாகர்கோவிலில் மூட்டு டாக்டர் ரஷ்மியிடம் போனோம். அந்தப் பிள்ளை மகராசியாக இருக்கட்டும்! என் உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் என் மூட்டையும் கண்ணையும் போட்டு அடிக்கிறதாம். லேசான அழற்சிதானாம், இன்ன வாதம் என்று பெயர் வைக்கிற அளவுக்கு வளரவில்லையாம். ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும் என்றார். மதினி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், இப்போது பால் வாங்குவதும் தேங்காய் துருவுவதும் நான்தான். மாத்திரையும் வேலை செய்கிறது. நேற்றுக் கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழும்பினேன் மக்கா. கண்ணில் தண்ணி வந்துட்டு.

இன்னொரு சந்தோஷம் கேள். இந்த நோய்க்கு எச்.எல்.ஏ. பி27 என்று ரத்தத்தில் ஒரு மரபணு அடையாளம் உண்டாம், குடும்பத்தில் இறங்கி வருமாம். சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன், இன்று சாயங்காலம் ரிசல்ட். "வந்த பொறவு எழுதுங்க, இப்பமே எதுக்குத் துள்ளுதியோ?" என்கிறாள் மதினி. இதில் சந்தேகமே வேண்டாம். அப்பா காலையில கட்டில்காலப் பிடிச்சுத்தானே எழும்புவாரு? நீயும் பைக்கை விட்டு இறங்கும்போது இடுப்பைப் பிடிக்கத்தானே செய்தாய்? நான் எழும்பாதது திமிரால் இல்லை, அப்பா தந்த ரத்தத்தால் என்று விஞ்ஞானமே சொல்லப்போகிறது. கோபம் தீரவில்லையென்றால் அப்பாவிடம் கேட்டுக்கொள்.

அபிதாவும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் மூட்டுவலி இல்லாமல் வாழட்டும்.

உன் அண்ணன்,
தாணப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கு அந்த அடையாளம் இல்லையாம். அது இல்லாமலும் இந்த நோய் வருமாம். பின்னே எதனால் வந்தது என்று கேட்டால், தெரியவில்லை என்று டாக்டர் சிரிக்கிறார். ஆகவே மேலே எழுதியதற்கெல்லாம் சாட்சி கிடையாது, அப்பாவையும் விட்டுவிடு. அன்னைக்கு என்னால எழும்ப முடியலடே. வெறும் வாய்ச்சொல்தான், நம்பினால் வா. உட்கார்ந்தால் பூட்டிக்கொள்ளும், அதனால் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறேன்.