பத்தைத் தாண்டுவது எப்படி

கவலைப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் மாவட்டத்திலேயே முதலாவதாக நான்தான் வருவேன். வேறு எந்தப் பரீட்சையிலும் அப்படி வந்ததில்லை என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் பாதி தூரம் போய்விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். வந்து பார்த்தால் அடுப்பு அணைந்துதான் இருக்கும். வாசல் கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடக்கும். (கதவைப் பற்றிக் கவலைப்பட மறந்திருப்பேன்.)

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றாய் என்று கேட்டால் "வீட்டுச் சூழ்நிலை" என்பேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உண்மையில் வீட்டுச் சூழ்நிலை நன்றாகத்தான் இருந்தது. கணக்குதான் சரியில்லை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு காய்ச்சல் வந்தது. அது அப்படியே கல்யாணம் வரைக்கும் நீடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கப்பலில் ஃபிட்டர். ஒரு தடவை ஏறினால் மாதக்கணக்கில் கடல்தான். அதனால் எங்கள் மகள் ஜோவிட்டாவின் படிப்பு, பல் ஆட்டம், பேன் தொல்லை எல்லாம் என் தலையில். அவர் பொறுப்பு, வீடியோ காலில் வந்து "ஏளா, பிள்ளை மெலிஞ்சிட்டாளே" என்று சொல்லிவிட்டுப் போவது.

ஜோவி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அவளுடைய டெய்சி மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு பத்து வரைக்கும் அழகா கூட்டுறாம்மா."

எனக்கு உச்சி குளிர்ந்தது.

"பத்துக்கு மேல போனா சூவைக் கழட்டுறா."

குளிர்ந்தது அப்படியே உறைந்தது.

விஷயம் இதுதான். கைவிரல் தீர்ந்துபோனால் ஜோவி கால்விரலுக்குப் போகிறாள். எட்டும் ஐந்தும் என்றால் ஒரு கால் சாக்ஸ் கழன்றால் போதும். ஒன்பதும் எட்டும் என்றால் இரண்டு காலும் வெளியே வரவேண்டும். "இவளைப் பாத்து இப்ப இன்னும் நாலு பிள்ளைங்க கழட்டுது. மதியத்துக்கு மேல வகுப்புல மூச்சு விட முடியலம்மா" என்றார் மிஸ்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெற்றோர் நாள் வரப்போகிறதாம். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி ஒரு கூட்டல் சொல்ல வேண்டுமாம். அதற்குள் ஜோவி தேறவில்லை என்றால், கணக்குப் பாட நேரத்துக்கு மட்டும் அவளை யூகேஜி பிள்ளைகளோடு உட்கார வைக்கலாம் என்று தலைமை சிஸ்டர் சொல்லியிருக்கிறாராம்.

"கணக்குக்கு மட்டும்தாம்மா" என்று மிஸ் ஆறுதலாகச் சொன்னார்.

எனக்கும் முதலில் கணக்குக்கு மட்டும்தான் காய்ச்சல் வந்தது. அது மிஸ்ஸுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இவளும் எட்டாம் வகுப்பில் நின்று, இவளும் கேட்டவர்களிடம் "வீட்டுச் சூழ்நிலை" என்று சொல்லுகிற வரைக்கும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்து முடித்துவிட்டேன்.

"ரொம்ப சிம்பிள்மா. எட்டுக்கு ரெண்டு குடுத்தா பத்து. அஞ்சுல ரெண்டு போனா மிச்சம் மூணு. பத்தும் மூணும் பதிமூணு. முதல்ல பத்தாக்கணும், அப்புறம் தாண்டணும். வீட்ல சொல்லிக் குடுங்க."

நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் எட்டாம் வகுப்பு வரை முறையாகப் பயிற்சி பெற்றவள் நான்.)

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். மிஸ் சொன்னது வீடு வருவதற்குள் எனக்கே மறந்துபோனதால், எனக்கு அந்தக் காலத்தில் சொல்லிக் கொடுத்த முறையையே எடுத்தேன். பெரிய எண்ணை மனதில் வை, சின்ன எண்ணை விரலில் வை.

"எட்டை மனசுல வை."

ஜோவி நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடினாள். "வச்சாச்சு."

"அஞ்சை விரல்ல எடு."

எடுத்தாள்.

"இப்ப மனசுல என்ன இருக்கு?"

நன்றாக யோசித்தாள். "பசிக்குதும்மா."

மறுநாள் கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் மக்ரூன் வாங்கி வந்தேன். பொருளை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பதியும் என்று எங்கோ கேட்டிருந்தேன். எட்டு மக்ரூன் இந்தப் பக்கம், ஐந்து மக்ரூன் அந்தப் பக்கம். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"எப்படிட்டி பதினொண்ணு?"

வாயைத் திறந்து காட்டினாள். எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான். தட்டில் பதினொன்றுதான் இருந்தது.

வீட்டுக்காரர் போனில், "இதுக்கா இவ்வளவு கூப்பாடு? பிள்ளையைக் காட்டு" என்று நட்டுகளை மேசையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "எட்டு நட்டு இருக்கு, பாத்தியா மக்கா? இப்ப அப்பா இன்னும் அஞ்சு..." என்றதோடு வாயைப் பிளந்தபடி படம் உறைந்துவிட்டது. ஜோவி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பாவுக்குக் கடவாப் பல்லு சொத்தை" என்றாள். அன்றைய பாடம் அதுதான்.

எங்கள் மாடியில் அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி, என் மதினி, சாயங்காலம் ஆனால் கீழே இறங்கி வந்துவிடுவாள். இரண்டு வீடும் சேர்ந்துதான் செபமாலை சொல்வோம். செபமாலையில் பத்துச் சின்ன மணி இருக்கும். கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மணி. மறுபடியும் பத்துச் சின்ன மணி. ஒவ்வொரு பத்து முடிந்ததும் ஒருவர் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்குவார். மற்றவர்கள் "ஆதியில் இருந்ததுபோல" என்று முடித்து வைக்க வேண்டும். எங்கள் கடற்கரை ஆட்களை நடுத் தூக்கத்தில் எழுப்பி முதல் பாதியைச் சொன்னாலும் மறுபாதி தானாக வந்துவிடும். அதற்கு மூளை தேவையில்லை.

அன்றைக்கும் வாய் செபம் சொல்லிக்கொண்டிருக்க, மனம் யூகேஜி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கையில் மணி உருண்டு பெரிய மணியில் முட்டி நின்றது. மிஸ் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பத்தாக்கணும், அப்புறம் தாண்டணும்!

பாதிச் செபத்தில் ஜோவியை மடிக்கு இழுத்தேன். எட்டு மணியை விட்டுவிட்டு ஒன்பதாவதில் அவள் விரலை வைத்தேன். "இங்கனருந்து அஞ்சு மணி தள்ளு, பாப்போம்."

தள்ளினாள். "பன்னெண்டு" என்றாள். பெரிய மணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளிவிட்டு, சின்ன மணியை மட்டும் எண்ணியிருக்கிறாள்.

வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே கணக்குப் பாடத்தை அப்போதுதான் கொடுத்தேன். அதன் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பெரிய மணி எண்ணிக்கையில சேராது மக்கா. அங்கன வந்தா நின்னு, செபத்தைச் சொல்லிட்டு, அப்புறம் தாண்டு."

மறுபடி தள்ளினாள். ஒம்பது, பத்து. நின்றாள். செபம். பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. சூ கழலவில்லை!

"செபமாலையை வச்சிக் கணக்கா போடுதிய?" மதினி கண்ணை உருட்டினாள். "மாதா என்ன உனக்கு டியூஷனா எடுக்கா?"

அது பாவமா என்று எனக்கும் கவலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடமே கேட்டேன். "விடை சரியா வருதா?" என்றார். "வருது ஃபாதர்." "அப்ப நிறுத்தாதே."

அதன் பிறகு தினமும் செபமும் கணக்கும் ஒன்றாக ஓடின. செபத்தில் தூங்கி விழுகிற பிள்ளை, தானே மாலையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தாள். ஏழும் ஆறும், ஒன்பதும் நான்கும், எதுவும் தப்பவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லாமல் எனக்குத்தான் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது.

பெற்றோர் நாள் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஜோவியின் சூ லேசை மும்முடிச்சாகப் போட்டுவிட்டேன்.

"மாலையைக் கொண்டு போகட்டாம்மா?"

"வேண்டாம். கையில இருக்கதா நெனச்சிக்கிட்டு உருட்டு. வீட்ல எப்படிச் செய்வியோ அப்படியே செய். ஒண்ணையும் விட்டுராத."

ஒன்றையும் விட்டுவிடாதே என்று சொன்னது நான். இதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹால் நிறைய ஆட்கள். முன்வரிசையில் தலைமை சிஸ்டர். நான் மதினியோடு நடுவில் உட்கார்ந்து, புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து டக்கென்று விடை சொல்லிக் கைதட்டு வாங்கிப் போனார்கள். அப்புறம் ஜோவி. மிஸ் மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். (பிடித்திருக்க வேண்டாம்.)

"எட்டும் அஞ்சும் எத்தனை?"

ஜோவியின் கட்டைவிரல் இல்லாத மணியை உருட்டியது. "ஒம்பது... பத்து."

நின்றாள். கை கூப்பினாள். கண்ணை மூடினாள்.

"பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக!"

மைக்கில் அது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். ஹாலில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் ஒரு பொம்பளை எழுந்து நின்று, தொண்டை கிழிய, "ஆதியில் இருந்ததுபோல" என்று ஆரம்பித்தாள். யார் இந்தப் புத்தி கெட்டவள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதியில் நிறுத்தலாமா கூடாதா என்று எனக்குக் கவலை. நிறுத்தினால் செபத்தை முறித்த பாவம். அதற்குள் மதினி எழுந்து சேர்ந்துகொண்டாள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. வரிசை வரிசையாக எழுந்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமை சிஸ்டரும் எழுந்தார். "என்றென்றும் இருப்பதாக, ஆமென்" என்று ஹாலே முடித்து வைத்தது.

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு" என்றாள் ஜோவி. "பதிமூணு, மிஸ்."

யாரும் கைதட்டவில்லை. செபத்துக்குப் பிறகு கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல் பக்கம் இருந்த ஒரு குடும்பம், இறுதிச் செபம் ஆகிவிட்டது என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

டெய்சி மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சிஸ்டர் மட்டும் உட்காராமல், "ஏழும் ஆறும்?" என்றார்.

சொல்லாதே, சொல்லாதே என்று வாயசைத்துக் காட்டினேன். அம்மாவும் கூடவே செபம் சொல்கிறாள் என்று ஜோவி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பத்தில் நின்று, கைகூப்பினாள். இந்தத் தடவை ஹால் அதற்காகவே காத்திருந்தது. பங்குத் திருவிழாவில்கூட அவ்வளவு உற்சாகமாக யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"பதிமூணு."

"நாலும் மூணும்?" என்றார் சிஸ்டர்.

"ஏழு."

ஹால் ஏமாந்துபோய் அண்ணாந்து பார்த்தது.

"இதுக்கு ஏன் செபம் சொல்லல?"

ஜோவி சிஸ்டரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பத்தே வரலையே சிஸ்டர்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு டெய்சி மிஸ்ஸிடம் திரும்பி, "பத்து எங்கன வருதுன்னு இவளுக்குத் தெரியுது. யூகேஜில போய் என்ன செய்வா?" என்றார். அப்போதுதான் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் டெய்சி மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "முறை சரிதான்மா. செபத்தை மட்டும் மனசுக்குள்ள சொல்லச் சொல்லுங்க." இந்தப் பிள்ளையின் மனதில் எதையாவது வைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது.

வீடு வருகிற வழியெல்லாம் மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருபதைத் தாண்டுனா பூசையே வைக்கணும் போல!" என் கோபமெல்லாம் ஜோவி மேல் திரும்பியது.

"ஏன்ட்டி மேடையில போய்ச் செபம் சொன்ன?"

"நீதானம்மா சொன்ன. அங்கன நின்னு, செபத்தைச் சொல்லிட்டுத் தாண்டுன்னு."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"ஒண்ணையும் விட்டுராதன்னும் சொன்ன."

அந்த வருஷம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பத்தில் நின்று கைகூப்பினார்கள். மிஸ் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பி, "சூ நாத்தம் போயிருச்சும்மா, சந்தோஷம். ஆனா பரீட்சை ஹால்ல முணுமுணுப்பு தாங்கல" என்றார்.

இப்போது ஜோவி நான்காம் வகுப்பு. மூன்று இலக்கக் கூட்டலெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றை மீதி வைத்து அடுத்த வரிசைக்குப் போகும்போது தலை மட்டும் லேசாகக் குனிந்து நிமிரும். அவளுக்கே அது தெரியாது. அவளுக்கு இதுவரை கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்ததில்லை. நானும் ஒவ்வொரு பரீட்சைக்கு முந்தின நாளும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இனி யாரும் நிம்மதியாக எதையும் எண்ண முடியாது. விசேஷ வீட்டில் அண்ணன் நாற்காலி எண்ணினால், பத்து வந்ததும் மதினி "ஏங்க, நில்லுங்க, செபம்!" என்று பந்தலே திரும்பக் கத்துவாள். உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

போன வாரம் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து கூப்பிட்டார். "ஏளா, உன்னால இங்கன மானம் போகுது. நட்டு எண்ணுதேன், பத்து வந்ததும் வாய் தானா முணுமுணுக்கு. பக்கத்துல நிக்க பிலிப்பைன்ஸ்காரன் என்னன்னே தெரியாம ஆமென் சொல்லுதான்."

எனக்கு வேறு கவலை. "அது கெடக்கட்டும், எண்ணிக்கை சரியா வந்துச்சா?" என்றேன்.

"அதெல்லாம் சரியா வந்துருச்சு" என்றார். "பதிமூணு."