மோதிர விரலோன் சுவரோடு பொருத படலம்

“கழட்டி வெச்சிட்டு வேலை பாருங்கன்னு எத்தனை தடவை—”

“கழட்டவே கூடாதுன்னு கல்யாணத்தன்னைக்குச் சொன்னது யாரு? நீதானடி! இப்ப வந்து—”

“அதுக்காக அடுத்தவங்க வீட்டுச் சுவத்துக்குள்ள கொண்டுபோய்ச் சொருகுவீங்களா?”

வாழ்க அவ்விரல்! ஆயிரம் ஒழுகல்களை அடக்கிய விரல். அடைப்பென்னும் அரக்கர் குலத்தை வேரறுத்த விரல். முடி துறவா மன்னன்போல் இருபத்திரண்டு ஆண்டுகள் மோதிரம் துறவாத விரல். அதற்கு உரியவரான குழாய்க்காரர், குளியலறையின் பழைய குழாயைத் திருகி எடுத்துவிட்டு, சுவரில் வாய்பிளந்து நின்ற துளைக்குள் மரை தேய்ந்திருக்கிறதா என்று தம் வழக்கப்படி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கண்ணை நம்பலாம், கருவியை நம்பலாம், ஆனால் விரல்தான் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. விரல் போயிற்று. மோதிரமும் போயிற்று. திரும்பும் வேளையில், அந்தக் கொடிய மரை தன் பித்தளைப் பற்களால் மோதிரத்தைக் கவ்விக்கொண்டது.

சேற்றில் புதைந்த பட்டத்து யானையெனப் பிளிறி, புயலிற்பட்ட மரக்கலமென ஆடி, நம் வீரர் விரலைத் திருகினார். அந்தோ! வலப்பக்கம் திருகினால் இறுகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவர், வலப்பக்கமே திருகினார். மோதிரம் இன்னும் ஒரு சுற்று உள்ளே போயிற்று. வெட்கமும் வீக்கமும் ஒரே வேகத்தில் ஏறின.

அவ்வமயம் வாயிலில் தோன்றிய வீட்டுக்கார அம்மாள், இடிமுழக்கமெனப் பிரகடனம் செய்தாள்:

“தம்பி, விரல் உங்களுது, என்ன வேணா பண்ணிக்கோங்க. டைல்ஸ் நேத்து ஒட்டினது. அதுல கீறல் விழக்கூடாது.”

சுவரை உடைக்க வழியில்லை. எஞ்சியது மோதிரத்தை அறுப்பதே. பைக்குள்ளிருந்து ரம்பத்தை உருவினாள், பத்து ஆண்டுகளாக அவருக்குத் துணையாள் வேலை பார்க்கும் மனைவி.

“விரலை வேணா அறுத்துக்கோ! மோதிரத்துல மட்டும் கை வெச்சே, அவ்வளவுதான்!”

உலகம் அதிர ஒலித்த அச்சூளுரை கேட்டு, ரம்பம் தாழ்ந்தது. கல்யாணத்தன்று ஒரே தட்டிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்ட அதன் ஜோடி அவள் விரலிலும் கிடந்தது. அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சோப்பை எடுத்தாள்.

முரசமெனப் பக்கெட் உருள, அறுந்த கொடியெனத் துண்டு வீழ, பாற்கடல்போல் நுரை பொங்க, அவள் அவர் இடுப்பைப் பற்றி இழுக்க, அவர் முன்னோர் அனைவரையும் கூவி அழைக்க, மலை பிளந்தாற்போல் ‘பிளக்’ என்றோர் ஓசை எழுந்தது. விரல் விடுதலையாயிற்று. வீரர் தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்ந்தார். மோதிரமோ சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

“ஐயோ, போச்சே! என் மோதிரம் போச்சே!”

“போகலை, கண்ணு முன்னாடிதான் இருக்கு. ஒரு வேலையை உருப்படியாப் பண்றீங்களா? தள்ளுங்க, நான் எடுக்கிறேன்.”

கோட்டைக்குள் புகும் படைத்தலைவிபோல் நிமிர்ந்து, கணவரின் மானத்தையும் தன் மாங்கல்ய நாளின் சாட்சியையும் ஒருங்கே மீட்கத் துணிந்து, மோதிரமணிந்த தன் விரலை அந்தத் துளைக்குள் அடிவரை செலுத்தினாள். இழுத்தாள். நின்றாள். பிறகு ஒருமுறை திருகினாள், வலப்பக்கம்.

“ஏங்க, அந்தச் சோப்பைக் கொஞ்சம் குடுங்க.”