தீபாவின் பரீட்சையில் நான் சாப்பிட்ட ஓட்ஸ்

மாடம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் அன்பு அவர்களுக்கு,

உங்கள் தங்கை பேபியின் வீட்டுக்காரன் தசரதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் சர்க்கரையைத் தவிர எல்லாரும் அடக்கமாக, சௌக்கியமாக இருக்கிறோம். ஓசூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க நம்ம ஊர் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பேபி பக்கத்திலேயே நிற்கிறாள். வாட்ஸ்அப்பில் அடித்தால் தீபா என் போனை வாங்கிப் படித்துவிடுகிறாள். விஷயம் இதுதான்: உங்கள் கம்பெனி ஆபீசில் உங்கள் மருமகள், என் பெண் தீபலட்சுமிக்கு ஒரு வேலை பார்த்து வையுங்கள். அவளுடைய டயட்டீஷியன் படிப்பை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கெடுத்தேனா இல்லையா என்பதும் எனக்குப் புரியவில்லை, மச்சான். அதுதான் தலைவலி.

அவள் டிகிரி முடித்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டிரெயினிங்கில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று புதிதாக முடிவெடுத்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் பிள்ளைகளை மட்டும்தான் வரச்சொன்னார்கள் போலிருக்கிறது, அவர்கள் சாப்பாட்டை வரச்சொல்லவில்லை. சாப்பாட்டு ஹாலில் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று நோட்டீஸ். பாடத்தில் காலையில் ஓட்ஸ், மத்தியானம் ப்ரோக்கோலி, எல்லாவற்றுக்கும் ஆலிவ் எண்ணெய். கருவாடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தீபா கேட்டதற்கு, தவிர்க்க வேண்டியவற்றில் பார் என்று டிரெயினிங் கொடுக்கும் பெரிய மேடம் சொன்னார்களாம். வார்டில் படுத்திருக்கிறவர்களில் பாதிப்பேர் அதைத்தானே சாப்பிடுகிறார்கள் மேடம் என்று இவள் திரும்பக் கேட்டிருக்கிறாள். வாய் அப்படியே உங்கள் தங்கச்சி வாய். ஆனால் அதே பெண் கருவாட்டு டிபனை மாடிப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று பேபி வந்து சொன்னாள். தயிர்சாதம் கொண்டுபோயேன்மா, எதுக்கு வம்பு என்று சொன்னேன். அதற்கு அவள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு நோயாளி ஒருவரைக் கூட்டிவந்து, வெளியூரிலிருந்து வரும் ஒரு பரீட்சை அம்மா முன்னால் உட்காரவைத்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, அந்த வீட்டுச் சாப்பாட்டை வைத்தே யோசனை சொல்லவேண்டும். இதில் தேறினால்தான் சர்டிபிகேட், இல்லாவிட்டால் வெளியே. சர்க்கரை நோயாளிக்கு நம் வீட்டில் என்ன பஞ்சம், நான் கிளம்பினேன். “உள்ளத உள்ளபடி சொல்லுங்கப்பா, போதும்” என்றாள் தீபா. “அங்க போயி மானத்த வாங்கிடாதய்யா” என்றாள் பேபி. ஒரே வாசப்படியில் நின்றுகொண்டு ஆளுக்கு ஒன்று சொன்னால் மனுஷன் எதைக் கேட்பான்?

நீங்களே யோசியுங்கள் மச்சான், வெள்ளைக் கோட்டு முன்னால் எவனாவது உண்மையைச் சொல்லுவானா? நம்ம தெரு டாக்டர் கிளினிக்கில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது குடல் போட்டி வறுவல் கதை பேசுகிறவன், உள்ளே போனதும் ரெண்டு இட்லிக்கு மேல் சாப்பிட்டதே இல்லை என்பான். அது ஒரு மரியாதை. பெரிய மேடமும் பரீட்சை அம்மாவும் எதிரே உட்கார்ந்திருக்க, என் பெண் கோட்டுப் போட்டுக்கொண்டு நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும், அவள் புஸ்தகத்தில் படித்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்து விட்டேன். ஓட்ஸ் என்றேன். சாலட் என்றேன். ராத்திரி ப்ரோக்கோலி என்றேன். அவரு சுத்த சைவம் மேடம் என்று கூடவே வந்திருந்த பேபி வேறு சேர்த்தாள். பெரிய மேடம் முகம் மலர்ந்துபோயிற்று. தீபா முகம் பியூஸ் போன பல்பு மாதிரி ஆயிற்று. பரீட்சை அம்மா மட்டும் என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஆலிவ் எண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். முடிச்சூர் ரோட்டில் செக்கில் ஆட்டித் தருகிறார்கள் என்றேன். ப்ரோக்கோலி? மொட்டை மாடியில் பந்தல் போட்டு ஏற்றி விட்டிருக்கிறோம், புடலங்காய் பக்கத்தில் நன்றாகத் தொங்குகிறது என்றேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். ஏன் துடைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

தீபா பேப்பரை மூடி வைத்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெரிய மேடம் காதில் விழத்தான் பேசினாள், மச்சான்.

“நான் நேத்து மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டேன்ப்பா. ராத்திரியும் அதேதான். நீங்க?”

படிக்கட்டில் ஒளிந்து சாப்பிடுகிற பெண்! என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டேன்.

“அதுக்கு ஓட்ஸ் செட்டாவாதும்மா. நானும் சோறுதான் போட்டுக்கினேன். மூணு வாட்டி.”

அப்புறம் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி, சந்தோஷம் வந்தால் போட்டி, வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் டீக்கடையில் தின்னும் பன் பட்டர் ஜாம் உட்பட எல்லாம் கொட்டிவிட்டேன். பன் விஷயம் பேபிக்கே அன்றைக்குத்தான் தெரியும், கிள்ளினாள் பாருங்கள், இன்னும் வலிக்கிறது. தீபா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பை இறக்குங்கள், சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள், கறியில் கொழுப்பை எடுத்துவிடுங்கள், பன்னை மறந்துவிடுங்கள் என்றாள். பரீட்சை அம்மா எழுதிக்கொண்டே இருந்தார்கள். பெரிய மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். வரும் வழியில் தீபா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அது கோபமா, களைப்பா, கேட்கப் பயமாக இருக்கிறது. பொய் சொன்னதால் கெட்டதா, உண்மையைச் சொன்னதால் கெட்டதா என்று தெரியாமல் முழிக்கிறேன். எப்படியும் அந்த ஆஸ்பத்திரிப் படியை இனி நான் மிதிக்கமாட்டேன். வேலை விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு நூறு வயது ஆசீர்வாதம். உங்கள் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, குழம்பிப் போயிருக்கும் உங்கள் மச்சான்,
தசரதன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது தீபா ஓடிவந்தாள். பாஸ்! வேலை ஒன்றும் பார்க்க வேண்டாம், மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். அன்றைக்கு வந்த அப்பா அம்மா எல்லாருமே ஓட்ஸ்தான் சாப்பிட்டார்களாம், நிஜத்தை வாங்கினது இவள் ஒருத்திதானாம். நோட்டீஸ் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதற்குக் கீழேயே உட்கார்ந்து டிபனைத் திறந்தாளாம், பெரிய மேடம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்களாம். இன்னொன்று, அடுத்த செட் பிள்ளைகள் நிஜத்தை வாங்கப் பழகிக்கொள்ள வியாழக்கிழமைதோறும் என்னை வரச்சொல்லியிருக்கிறார்கள், வந்து அதே மாதிரி பொய் சொல்லணுமாம். ஒத்துக்கொண்டேன். ஆனா எதிர்ல உக்காந்து ஒரு புள்ள, “நான் நேத்து கருவாடு சாப்ட்டேங்க, நீங்க?”ன்னு கேட்டா என் வாய் நிக்குமான்னுதான் தெரியல, மச்சான்.