செம்புக்குள் சிம்லா

2006ஆம் வருடம் ஆடி மாதத்தில் வேலம்பாளையத்துச் சந்து ஒன்றில் காரோடு நுழைந்தவர்கள் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. உள்ளே அத்தனை கார். கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்காதீர்கள். சந்தின் கோடியில், ஒரு காலத்தில் வேஸ்ட் துணி மூட்டை போட்டு வைத்திருந்த குடோனில் பனிமலைச் சாமிகள் எழுந்தருளியிருந்தார். சிம்லாவில் இந்த வருடம் பனி விழுமா, குலுவில் எத்தனை அடி விழும், ஸ்ரீநகரில் எந்த வாரம் விழும் என்பதையெல்லாம் வேலம்பாளையத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். பனிக்கட்டியைக் கரும்பு ஜூஸ் தம்ளரைத் தவிர வேறெங்கும் பார்த்திராத மனிதர்கள், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெயிலில், இமயமலையின் குளிரைப் பற்றிக் கவலையோடு வரிசையில் நின்றார்கள்.

கவலைக்குக் காரணம் இருந்தது. அவர்கள் எல்லோரும் தெர்மல் தைத்து விற்கும் கம்பெனிக்காரர்கள். தெர்மல் என்றால் மலைநாட்டுக்காரர்கள் சட்டைக்குள்ளே போட்டுக்கொள்ளும் முழுக்கை பனியனும், கணுக்கால் வரை இறங்கும் இறுக்கமான பேண்ட்டும். ஆவணியில் நூல் வாங்கி ஐப்பசிக்குள் லாரி ஏற்றிவிட வேண்டும். மார்கழியில் மலையில் பனி கொட்டினால் சரக்கு பறக்கும். கொட்டாவிட்டால் போன லாரியிலேயே திரும்பி வரும். ஆக, மார்கழியில் நடக்கப் போவது ஆடியிலேயே தெரிந்தாக வேண்டும். வானிலை ஆபீஸ்காரர்களைக் கேட்டால் “வாய்ப்பு உண்டு” என்பார்கள். வாய்ப்பை நம்பி யார் நூல் வாங்குவது? சாமி அப்படி இழுக்க மாட்டார். உண்டு என்பார், இல்லையென்றால் இல்லை என்பார். ஒரே வார்த்தை.

அந்த வார்த்தை வரும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. சாமி கம்பளிச் சால்வையும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேர்வை ஊற்றும். அது அருள் வேர்வை என்று சீடர்கள் விளக்கம் சொல்வார்கள். வந்தவர் கையில் தண்ணீர் நிறைந்த பித்தளைச் செம்பு ஒன்றைக் கொடுப்பார். பன்னிரண்டு வருடம் இமயத்தில் தவமிருந்து கொண்டுவந்த பனிமலை உப்பு என்று சொல்லி, வெள்ளைக் குருணையை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்குவார். மலையின் பேரைச் சொல்லி மூன்று முறை ஊதுவார். செம்பு ஜில்லென்று ஆகிவிடும். கை கூசும். செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பும். வந்தவருக்கு உடம்பு புல்லரித்துப் போகும். சாமி அந்த முத்துகளைக் குல்லாவுக்குள்ளிருந்து உற்றுப் பார்த்து, வாக்கைச் சீட்டில் எழுதி, அரக்கு வைத்த கவரில் போட்டுக் கொடுப்பார். கூடவே ஒரு நிபந்தனை. வாக்கை யாரிடமும் சொல்லக் கூடாது. கட்டிய மனைவியிடம்கூட. சொன்னால் பனி கோபித்துக்கொண்டு பக்கத்து மலைக்குப் போய்விடும்.

பனிக்கு இவ்வளவு ரோஷம் உண்டா என்று அந்த வரிசையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பெருமாநல்லூரில் தெர்மல் கம்பெனி வைத்திருந்த வெள்ளியங்கிரி சாமியின் தீவிர பக்தர். போன வருடம் சாமி அவருக்குச் “சிம்லாவில் பனி உண்டு” என்று எழுதிக் கொடுத்தார். பனி விழுந்தது. சரக்கு தீர்ந்தது. அதிலிருந்து வெள்ளியங்கிரி மோட்டார் வாங்குவதென்றாலும் சாமி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாங்கினார். இந்த வருடம் வாக்குக் கேட்கப் போனபோது, பிளெஸ்ஸிங் வாங்குவதற்காக சாம்பிள் பீஸ்களையும் எடுத்துக்கொண்டு செக்கிங் சூப்பர்வைசர் விஜயராணியையும் கூட்டிப் போனார். கவரைக் காருக்குள் வைத்துப் பிரித்துப் படித்தவர் பெருமாநல்லூர் வரும் வரை வாய் திறக்கவில்லை. மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டு, வரும் திங்கட்கிழமை முதல் தெர்மல் லைன் நிறுத்தம், தையல்காரர்களும் செக்கிங் பெண்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சொன்னால்தான் பனி கோபித்துக்கொள்ளுமே.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? விஜயராணி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் கணவன் முனீஸ் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேலை போகிறது. அவளுக்குக் கீழே இருந்த செக்கிங் பெண்களில் குழந்தையம்மாள் என்பவள் நிறைமாத வயிற்றோடு வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

விஜயராணிக்கு அழுகை வரவில்லை. சந்தேகம் வந்தது. சாமியின் செம்பை அவளும் தொட்டுப் பார்த்திருந்தாள். கீழே சிந்திக் கிடந்த குருணையையும் பார்த்திருந்தாள். இந்தக் கம்பெனிக்கு வருமுன் அவள் மூன்று வருடம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் கலர் கலக்கியவள். துணிக்கு அடிக்கும் கலரில் யூரியா சேர்ப்பார்கள். யூரியாவைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் வாளி ஐஸ் மாதிரி ஆகும். மே மாதத்தில் அங்கே வேலை செய்த பெண்கள் வாளியை மாற்றி மாற்றிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். யாரும் அதைக் கும்பிட்டதில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுச் செம்பையும் ஒரு பொட்டலம் யூரியாவையும் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள். வம்பு வேண்டாம் என்று முனீஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை. வெள்ளியங்கிரி கையில் செம்பைக் கொடுத்துப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினாள். ஊதவில்லை. எந்த மலையின் பேரையும் சொல்லவில்லை. செம்பு ஜில்லென்று ஆனது. முத்து அரும்பியது.

வெள்ளியங்கிரி கையைத் துடைத்துக்கொண்டார்.

“செம்பு எப்படிக் குளுந்தா என்னம்மிணி? போன வருசம் வாக்குப் பலிச்சுதா இல்லையா? அதைச் சொல்லு.”

இங்கேதான் நம் ஆட்களின் அறிவு விசேஷமானது. வித்தை பொய் என்று கண்ணால் பார்த்தாலும், வித்தைக்காரன் மெய் என்பார்கள். விஜயராணி செம்பைத் தள்ளி வைத்தாள். பிறகு, தன் தம்பி வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் இருப்பது வெள்ளியங்கிரியின் சகலை நல்லான் நடத்தும் கம்பெனியில். அதுவும் தெர்மல்தான், சரக்குப் போவதும் அதே சிம்லாவுக்குத்தான். அங்கே ஒரு வாரமாக லாரி லாரியாக நூல் இறங்குகிறது. புது மெஷின் போட்டு ஆள் எடுக்கிறார்கள். நல்லானும் அதே சாமியிடம்தான் வாக்குக் கேட்டார்.

“ஒரே சாமி, ஒரே மலை. இங்க வேலையில்லைன்னு ஆளை அனுப்புதீய, அங்க ஆள் பத்தலைங்காங்க. அது எப்படி மொதலாளி?”

வாக்கை வெளியே சொல்லக் கூடாது என்று வெள்ளியங்கிரி முணுமுணுத்தார். சொல்லத்தான் கூடாது, சீட்டை எடுத்துக் காட்டக் கூடாது என்று சாமி சொல்லவில்லையே என்றாள் அவள். வெள்ளியங்கிரிக்கு இந்தச் சட்ட நுணுக்கம் பிடித்திருந்தது. அரை மணி நேரத்தில் நல்லான் வந்தார். சகலைகள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், பனிக்குத் துரோகம் செய்யாமல், இரண்டு சீட்டையும் மேஜைமேல் வைத்தார்கள்.

வெள்ளியங்கிரியின் சீட்டு: சிம்லா, பனி இல்லை.

நல்லானின் சீட்டு: சிம்லா, ஆள் உயரப் பனி.

இரண்டும் ஒரே கையெழுத்து. நல்லான்தான் முதலில் பேசினார். கட்டில் போட்டுத் தூங்கக்கூட இடமில்லாமல் வீட்டு ஹாலிலும் நூல் மூட்டை அடுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

இருவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால், ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும், வரும் நஷ்டத்தை ஆளுக்குப் பாதி தலையில் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். விஜயராணி விடவில்லை. மற்ற கம்பெனிகளிலும் தையல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தீபாவளி உண்டு என்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூர் கல்யாண மண்டபத்தில் சாமிக்குப் பனி அழைப்பு விழா. அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள்.

வெள்ளியங்கிரி நெற்றியைத் தடவினார். “கேளு அம்மிணி. நானு கேட்டா ஊரு சிரிக்கும். நீ கேட்டா நானும் கூடச் சிரிச்சுக்குவேன்” என்றார்.

மண்டபத்து வாசலில் ‘இமயத்தின் செல்லப் பிள்ளையே வருக’ என்று பிளெக்ஸ் பேனர். பின்னணியில் பனிமலை, முன்னணியில் குரங்குக் குல்லா. காலை பத்து மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பல்லடத்திலிருந்து ஒரு பஸ்ஸே பிடித்து வந்திருந்தார்கள். மேடையில் சாமி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பட்டுத்துணி மூடிய பீடத்தில் பனிமலை உப்பு. சால்வை போர்த்தும் வரிசையில் விஜயராணியும் நின்றாள். முறை வந்ததும் சால்வையைப் போர்த்திவிட்டு மைக்கின் பக்கம் திரும்பினாள்.

“சாமி, எங்களை மாதிரி கூலிக்காரங்க தனியா வந்து வாக்குக் கேக்க முடியாது. இங்க எல்லாரும் இருக்காவ. இந்த வருசம் சிம்லாவுல பனி உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

கூட்டம் இந்தக் கேள்வியை ரசித்தது. நல்ல கேள்வி என்று சிலர் தலையாட்டினார்கள். சாமி மட்டும் தலையாட்டவில்லை. உண்டு என்றால் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். இல்லை என்றால் மீதிப் பாதி எழுந்து நிற்கும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, இன்னும் மூன்று பேருக்கும் தெரியும். அருள் வேர்வை இப்போது உண்மையான வேர்வையாக இறங்கியது. வாக்கை வெளிப்படையாகச் சொல்வது மலைக்கு ஆகாது என்றார்.

“அப்பச் சொல்ல வேண்டாம் சாமி. சிம்லாவுக்கு உண்டுன்னு சீட்டு வாங்கினவங்க இந்தப் பக்கமும், இல்லைன்னு வாங்கினவங்க அந்தப் பக்கமும் நின்னா போதும். யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.”

முதலில் வெள்ளியங்கிரி எழுந்தார். இடது பக்கம் போய் நின்றார். நல்லான் எழுந்து வலது பக்கம் போனார். ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவர் எதிரெதிரே நிற்பதைக் கூட்டம் பார்த்தது. அதன் பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம்தான். ஐந்து நிமிடத்தில் கல்யாண மண்டபம் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு மாதிரி சரிபாதியாகப் பிரிந்து நின்றது. நடுவில் மேடை. மேடையில் சாமி.

பல்லடத்துக்காரர் ஒருவர் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் நின்றார். அவருக்கு இந்த வருட வாக்குக் கிடைக்கவில்லை. போன வருடம் குலுவுக்கு வாங்கிய வாக்குப் பொய்த்துப்போய், சரக்கு அத்தனையும் திரும்பி வந்ததற்கு, மனைவியிடம் சொல்லியிருப்பாய் என்று சாமி அவரைக் கண்டித்து அனுப்பியிருந்தார். அவர் சொல்லவில்லை. ஆனாலும் தூக்கத்தில் உளறியிருப்போமோ என்ற பயத்தில் வாசலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்திருந்தார். அவர் மனைவி காளியாத்தாள் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தாள்.

“ஏனுங்க சாமி, ஆறு மாசமா இவரு என்றகூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லைங்க. நானு என்னமோ ஏதோன்னு கோயில் கோயிலாப் போயிட்டிருக்கறேன். பனிக்காகத்தானுங்களா?”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. சிரிப்புக்கு நடுவே யாரோ பட்டுத்துணியை இழுத்துவிட்டார்கள். பீடம் என்பது ஒரு யூரியா மூட்டை. மூட்டையில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. தோட்டம் வைத்திருந்த முதலாளிகள் பலர் அதே மூட்டையைத் தோளில் சுமந்தவர்கள். பயிருக்குப் போடும்போது உரம், செம்பில் போட்டால் இமயம் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறார்கள்.

சாமி ஓடவில்லை. ஓடியிருந்தால் பாதிக் கௌரவமாவது முதலாளிகளுக்கு மிஞ்சியிருக்கும். அவர் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்த்தால் நாற்பது வயது சாதாரண மனிதர். டூரிஸ்ட் பஸ்ஸில் கிளீனராக இருந்தவராம். அவர் பார்த்த அதிகபட்ச மலை ஊட்டி. அதுவும் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லையாம்.

“நானு யாரையும் வாங்கன்னு கூப்பிடலீங்களே. பாதிப் பேருக்கு உண்டுன்னேன், பாதிப் பேருக்கு இல்லைன்னேன். வருசா வருசம் பாதிப் பேருக்குப் பலிச்சுது. பலிச்சவங்க ஊரெல்லாம் சொன்னாங்க. பலிக்காதவங்க வெக்கப்பட்டுட்டு வாயை மூடிட்டாங்க. நானு என்னங்க பண்ணட்டும்?”

யாரோ போலீஸுக்குப் போன் போட்டார்கள். போலீஸ் வந்து அழைத்துப் போகும்போது, பழக்க தோஷத்தில் இரண்டு பேர் அவரைக் கும்பிட்டார்கள்.

திங்கட்கிழமை தெர்மல் லைன் ஓடியது. வெள்ளியங்கிரி சிம்லாவிலும் குலுவிலும் இருக்கும் கடைக்காரர்களுக்குப் போன் போட்டு, போன வருட சரக்கில் எவ்வளவு மிச்சம் என்று தன் அரைகுறை இந்தியில் கேட்டார். வானிலை ஆபீஸின் அறிக்கையைப் படித்தார். ‘வாய்ப்பு’ என்ற சொல்லுக்கும் ஒரு அர்த்தம் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பாதி மெஷினில் தெர்மல், மீதியில் டி-ஷர்ட் என்று திட்டம் போட்டார். நல்லானுக்கு உதவியாக அவர் வீட்டு ஹாலில் இருந்த நூலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. குழந்தையம்மாள் பிள்ளை பெற்றுவிட்டு மறுபடி வேலைக்கு வந்தாள். மார்கழியில் மலைகளில் சில இடங்களில் பனி விழுந்தது, சில இடங்களில் விழவில்லை. யாருடைய வாயையும் அது கவனித்ததாகத் தெரியவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். மறு வருடம் டாலர் விலை சரிந்து, டி-ஷர்ட் ஏற்றுமதியிலும் இறங்கியிருந்தவர்களுக்குக் கையைக் கடித்தது. உடனே பல்லடம் ரோட்டில், ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால், முட்டையை உடைத்து மஞ்சள் கருவைப் பார்த்து டாலர் விலை சொல்லும் மகான் ஒருவர் தோன்றியிருக்கிறார். கார்கள் மறுபடி வரிசையில் நிற்கின்றன. பெருமாநல்லூர் மண்டபத்தில் இடது பக்கம் நின்றவர்களும் வலது பக்கம் நின்றவர்களும் இப்போது ஒற்றுமையாக ஒரே வரிசையில்.

முட்டையிட்ட கோழிக்கே தெரியாத டாலர் விலை முட்டைக்குத் தெரியும் என்று நம்பி நிற்கும் பெரியவர்களே, உங்கள் கழுத்துக்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. அதுவும் முட்டை வடிவம்தான். ஒரு தடவை உபயோகித்துப் பாருங்கள். உடையாது.