ஐந்துக்கு ஒன்று

பேராசிரியர் அந்தத் தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டார். எப்படிப் பார்த்தாலும் ஒன்று ஒன்றாகத்தான் இருந்தது.

மாணவர்கள் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும் கருத்துகளை அரையாண்டுக்கு ஒருமுறை திரட்டி, ஆளுக்கொரு தாளாக உறையில் போட்டுக் கொடுப்பது அந்தக் கல்லூரி அலுவலகத்தின் வழக்கம். டிஜிட்டல் லாஜிக் பாடத்தை ஐந்து பிரிவுகளுக்கு ஐந்து பேர் நடத்தினார்கள். இவருடைய தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் '1' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பிள்ளைகளின் அருள்வாக்கு.

'எதைச் சொன்னாலும் இல்லை என்பார்.'

'இவர் வகுப்பில் கண்ணை மூட முடியாது.'

'வீட்டுக்குப் போனாலும் இவர் குரல்தான் கேட்கிறது.'

'எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் வயரைச் சொருகாதே என்று உயிரை எடுக்கிறார்.'

ஒன்றைக் கொடுத்தால் சுழியாகவும், சுழியைக் கொடுத்தால் ஒன்றாகவும் மாற்றித் தருகிற சுற்றுக்கு நாட் கேட் என்று பெயர். பிள்ளைகள் இவருக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். இதுவரை அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

தாளை மடிப்பதற்குள் துறைத் தலைவர் வராந்தாவில் எதிர்ப்பட்டார். காதில் செல்போன். அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "உங்க நம்பரைப் பாத்தேன். அடுத்த தடவையும் இதே மாதிரி வந்துச்சுன்னா, புது லேப் விஷயத்துல நான் யோசிக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போனோடு போய்விட்டார்.

புது லேப் அவருடைய பல வருடக் கனவு. பழைய லேபில் பாதிப் பலகைகளில் விளக்கு எரியாது, மீதிப் பாதியில் அணையாது. அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளியவருக்கு, பளபளவென்று வந்து இறங்கியிருக்கும் புதிய கருவிகளின் பொறுப்பு தனக்கு வரும் என்று ஒரு நப்பாசை. அதில்தான் இப்போது மண்.

வீட்டில் மனைவியிடம் தாளை நீட்டினார். அவள் மருத்துவமனையில் நர்ஸ்.

"அஞ்சுக்கு ஒண்ணு போட்டிருக்காங்க" என்றார்.

"போடாம என்ன செய்வாங்க? சாப்பிட வரீங்களான்னு கேட்டாலே 'இல்ல'ன்னு ஆரம்பிச்சுட்டுத்தானே தட்டு முன்னாடி உக்காருறீங்க. நான் நோயாளிங்ககிட்ட அந்த வார்த்தையைச் சொல்றதே இல்ல. எது கேட்டாலும் 'ஆமா'தான்."

"பொழைப்பேனான்னு கேட்டா?"

"ஆமா."

"பொழைக்கலன்னா?"

"அதுக்கப்புறம் அவங்க கேக்குறதில்ல."

மறுநாளிலிருந்து பேராசிரியர் 'ஆமா' போட ஆரம்பித்தார். முதல் பெஞ்சில் ஒருத்தன் எழுந்து தப்பான விடை சொன்னான். "ஆமா" என்றார். பின்னால் ஒருத்தி அதற்கு நேர் எதிரான விடை சொன்னாள். அதற்கும் "ஆமா". பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லேபில் நிலைமை இன்னும் மோசம்.

"சார், இந்த வயரை இங்க சொருகலாமா?"

"ஆமா."

"சார், புகை வருது."

"ஆமா" என்றார் பேராசிரியர், சிரித்த முகத்தோடு.

ஒரு பலகை கருகியது. அதைவிட மோசம், பிள்ளைகள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இது சரிப்படாது என்று பக்கத்து அறைக்காரரிடம் யோசனை கேட்கப் போனார்.

பக்கத்து அறைக்காரரும் அதே பாடம்தான் நடத்துகிறார். பிள்ளைகள் அவரைத் தாலாட்டு என்பார்கள். அவர் வகுப்பில் விழித்திருந்து வெளியே வந்தவர்கள் குறைவு. அவருடைய கருத்து உறை, பிரிக்காமலே டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

"பாக்கலையா சார்?"

"பசங்க ஏதோ எழுதுவாங்க, அதைப் பாத்து எனக்கென்ன ஆகப்போகுது? நீங்க வேணா பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். '4' என்றிருந்தது.

"நாலு வாங்கியிருக்கீங்க. எப்படி சார் நடத்துறீங்க?"

"என்னத்தை நடத்துறது? விளக்கை அணைச்சுட்டு ஸ்லைடைப் போடுவேன், வாசிப்பேன். யாரையும் எதுவும் கேக்குறதில்ல. மணி அடிச்சா போயிடுவேன்" என்ற தாலாட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஒரே சங்கடம், எனக்கே தூக்கம் வந்துருது. உங்க அறையில எப்பவும் சத்தமா இருக்கே, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

பேராசிரியர் மறைக்கவில்லை. எதைச் சொன்னாலும் 'இல்ல' என்று சொல்லி, ஏன் இல்லை என்று அவர்களையே குடைவேன் என்றார்.

"நல்லா இருக்கே. தூக்கத்தை விரட்டவாவது ஆகும்" என்றார் தாலாட்டு.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார் பேராசிரியர். இப்போது இவர் அகராதியில் 'ஆமா' மட்டும்தான் இருந்தது. "ஆமா" என்றார்.

அன்றிலிருந்து பேராசிரியரின் வகுப்பில் விளக்கு அணைந்தது. ஸ்லைடு ஓடியது. இரண்டாவது வாரத்தில் கடைசி பெஞ்சு சாய்ந்தது. அடுத்து நடு பெஞ்சு. குறட்டை கேட்டபோது, கண்ணை மூட முடியாது என்று எழுதியவர்களின் குறை தீர்ந்தது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் "இல்ல, இல்ல. ஏன் இல்லன்னு நீயே சொல்லு" என்று தாலாட்டின் குரல் கணீரென்று கேட்டது. நல்ல மனிதர், தன்னால் கெட்டுப்போகிறாரே என்று இவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் முதல் பெஞ்சு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள்.

"சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஆமா... சேச்சே, ஒண்ணுமில்லம்மா."

முன்பெல்லாம் யாரும் இப்படிக் குடும்பத்தை விசாரித்ததில்லை. மரியாதை கூடிவிட்டது என்று நினைத்தார். ஆனாலும் அவள் நோட்டில் ஒரு சுற்று தப்பாக வரைந்திருந்ததைப் பார்த்ததும் கை பரபரத்தது. தொண்டை வரை வந்த 'இல்ல'வை விழுங்கிக்கொண்டு ஸ்லைடு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாடம் நடத்துவதில் ஒரு காலத்தில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அரையாண்டு முடிந்து உறை வந்தது. நின்ற இடத்திலேயே பிரித்தார்.

'5'.

கருத்துகளைப் படிக்கக்கூட நிற்கவில்லை. கடைக்கு ஓடி ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் பெட்டியை நீட்டினார்.

"எடுத்துக்குங்கம்மா, ரெண்டா எடுத்துக்குங்க. புது லேப் ஆர்டர் தயாரா?"

அம்மாள் ஒன்றே ஒன்றை எடுத்தாள். அதையும் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"தயார் சார். இதுக்கும் சாக்லேட் கொடுக்குறீங்களே, உங்களுக்குப் பெரிய மனசு. போன தடவையே உங்க பேரைப் போட்டு அடிச்சு வச்சிருந்தேன். தலைவர் இப்பத்தான் அதை எடுத்துட்டு உங்க பக்கத்து அறை சார் பேரைப் போடச் சொன்னார்."

"அவர் பேரா? அவருக்கு இந்தத் தடவை என்ன நம்பர்?"

"ஒண்ணு."

பேராசிரியருக்கு மூச்சு வந்தது. எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, சொன்னால் திருத்திவிடுவார்கள்.

"ஒண்ணுதானேம்மா? எனக்கு அஞ்சுக்கு அஞ்சு" என்று தாளை விரித்து அவள் முன்னால் வைத்தார்.

அம்மாள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சாக்லேட்டை மெதுவாகப் பெட்டியிலேயே திருப்பி வைத்தாள்.

"அது மார்க் இல்ல சார், அஞ்சு பேருல பசங்க உங்களை எத்தனாவது இடத்துல வச்சிருக்காங்கங்கிற நம்பர்."