கொம்பையா கருகல்

ஒரு காட்டில், மேகம் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மனசு வராத மலைச்சரிவில், நஞ்சி என்றொரு முள்ளம்பன்றி உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். புருஷனைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. இருப்பது ஒரே குட்டி. மழைக்காலம் முழுக்க இருவர் வயிற்றுக்கும் அந்தத் துண்டு நிலம்தான்.

ஒருநாள் இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. மறுநாள் பக்கத்துச் செடியிலும் விழுந்தது. நஞ்சி ஒரு கொப்பை ஒடித்து வாயில் கவ்விக்கொண்டு உச்சிக்கு ஓடினாள்.

உச்சியில்தான் மலை வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஆராயாத பயிர் இல்லை. அதனால் சரிவில் யாருக்கும் ஒரு கூடை கூடுதலாக விளைந்ததும் இல்லை. ‘விவசாயியின் வாசலில் விஞ்ஞானம்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதியிருந்தது அவர்கள் வாசலில். இயக்குநர் முனைவர் கொம்பையா ஒரு வரையாடு. பாறை நுனியில் நின்று தினமும் கீழே பார்ப்பார், பார்ப்பதோடு சரி.

“ஐயா, செடி கருகுதுங்க. மருந்து ஏதாச்சும் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்,” என்றாள் நஞ்சி.

கொம்பையா இலையைத் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவருடைய தாடி நடுங்கியது.

“இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத நோயம்மா. புத்தம் புதுசு.”

“மருந்துங்க?”

“மருந்து அடிச்சா செத்துப்போகுமே.”

“செடிங்களா?”

“நோயம்மா, நோய்.”

அன்று மாலையே அதற்குக் ‘கொம்பையா கருகல்’ என்று பேர் வைத்தார்கள். மறுநாள் நிலையமே சரிவில் இறங்கியது. நஞ்சியின் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காவலுக்கு ஒரு மலையணிலை உட்கார வைத்தார்கள். நிலத்துக்காரி வேலிக்கு வெளியே நின்றாள்.

“இது என் நெலமுங்க.”

“இல்லைன்னு யாரு சொன்னா? நெலம் உன்னுதுதான். நோய்தான் எங்களுது,” என்றது அணில், வாலை நீவிக்கொண்டே.

அந்த வாரம் அதிசயமாக வெயில் அடித்தது. புள்ளி விழுந்த இலைகள் காய்ந்து உதிர, புதுக் கொழுந்து தலைகாட்டியது. வேலிக்கு வெளியே நஞ்சி சூரியனைக் கும்பிட்டாள். வேலிக்கு உள்ளே கொம்பையா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். தன் பேர் வைத்த நோய் தன் கண்ணெதிரே சாகிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. உடனே பந்தல் போட்டு நிழல்வலை கட்டச் சொன்னார். ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, செடிகள் மேல் ஓயாமல் நீர் தெளித்தார்கள். இந்தக் குழாயைத்தான் நஞ்சி ஒவ்வொரு கோடையிலும் கேட்டுக் கெஞ்சினாள். ஒவ்வொரு கோடையிலும் கையிருப்பில் இல்லை என்றார்கள். கருகல் பிழைத்துக்கொண்டது. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது.

அரிய நோயைக் காப்பாற்றியதற்காக நிலையத்துக்கு விருது வந்தது. விழா எடுத்தார்கள். நோய்க்கு இடம் கொடுத்த உத்தமி என்று நஞ்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது முதுகு முள்ளில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. தொங்கிய சரிகையைக் குட்டி இழுத்து மென்றது.

மேடையை விட்டு இறங்கிய கொம்பையாவை நஞ்சி மறித்துக்கொண்டாள்.

“ஐயா, குட்டி பசியில துவளுதுங்க. நிலையத்துல விதைக்கு வெச்சிருக்கற கிழங்குல நாலு குடுங்க.”

“பசியா?” கொம்பையா கொட்டாவி விட்டார். “அது ரொம்பப் பழசும்மா. அதுல ஆராய ஒண்ணுமில்ல. புதுசா ஏதாவது வந்தா எடுத்துட்டு வா.”

நஞ்சி அன்று முழுக்க யோசித்தாள். வேலிக்கு வெளியே இத்தனை நாள் சும்மாவா நின்றாள்? புதுசு என்றால் பந்தல் வரும், குழாய் வரும், மலையே இறங்கி வரும். இனி இவர்களிடம் இவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தாள். விடிந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போனாள்.

“ஐயா, இது பசி இல்லீங்க. வயிறு தானா உள்ள ஒட்டுது, முள்ளெல்லாம் உதிருது. எங்க சனத்துல யாருக்கும் இப்படி வந்ததே இல்லீங்க.”

கொம்பையாவின் தாடி நடுங்கியது. நஞ்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று மாலையே அதற்குக் ‘கொம்பையா ஒட்டுவயிறு’ என்று பேர் வைத்தார்கள். குட்டியைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. மேலே நிழல்வலை கட்டினார்கள். அணில் காவலுக்கு வந்து உட்கார்ந்தது. காடெல்லாம் கிளறி எடுத்து வந்த ஒரு கிழங்கை நஞ்சி வேலி இடுக்கில் நீட்டினாள். உள்ளிருந்து குட்டி மூக்கை நீட்டியது.

அணில் கிழங்கைத் தட்டிவிட்டது.

“என்னம்மா நீ, வெவரமில்லாம? தீனி போட்டா நோய் செத்துப்போகாதா?”

நீதி: பசித்தால் பசி என்றே சொல்லுங்கள். சோறு கிடைக்காது, ஆனால் வேலியும் போட மாட்டார்கள்.