வெயில் படாத இடத்தில் வைக்கவும்

நரிக்குடிப் பக்கத்துக் கண்மாயில் மண் வெட்டும் பெண்களின் சருமத்தைக் கோடை வெயிலிலிருந்து காத்தருளுவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. ஆளுக்கொரு டப்பி சன்ஸ்கிரீன்.

உண்மையிலேயே அது தேவைப்பட்டவள் சண்முகவடிவு. கையிலும் கழுத்திலும் அவளுக்கு வெண்புள்ளி. அங்கே வெயில் பட்டால் கன்றிக் கொப்பளித்துவிடும். கிளம்புமுன் களிம்பைப் பூசு, வேர்த்து வழிந்தால் திரும்பப் பூசு, முழுக்கைச் சட்டை போடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

தொடக்க விழா உச்சிப்பொழுதில் நடந்தது. பந்தல் அதிகாரிகளுக்கு, வெயில் பயனாளிகளுக்கு. திட்ட அலுவலர் சங்கரலிங்கம் புற ஊதாக் கதிர்களைப் பற்றி விரிவாகப் பேசினார். பந்தலோரம் ஒதுங்கியவர்களுக்குத் திட்டத்தின் அருமை விளங்காது என்று அவர்களையும் வெளியே நிறுத்தச் சொன்னார்.

டப்பியைக் கொடுக்கப் போகையில்தான் அதன் பின்பக்கத்தைப் படித்தார். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்றிருந்தது. பதறிப்போய்ப் பெட்டிகளையெல்லாம் ஜீப்பில் ஏற்றித் தம் ஏசி அறைக்கு அனுப்பினார். வேண்டியவர்கள் நேரில் வந்து பூசிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது.

மறுநாள் சண்முகவடிவு வீட்டுக்காரர் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, பஸ் ஏறிப் போனாள்.

"பாதுகாக்க வேண்டிய தோல் எங்கம்மா?" என்றார் அலுவலர்.

"உள்ள இருக்குய்யா."

"வெயில் படாத தோலுக்குத் திட்டத்துல இடமில்ல. பட்டபிறகு வாங்க."

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, டப்பியை மேசைமேல் தள்ளிவிட்டார். கையிலும் கழுத்திலும் பூசினாள். கூசினாலும் முகத்துக்கும் கொஞ்சம் தடவிக்கொண்டாள். அது சரியாகப் படியாமல் முகம் வெளேரென்று இருந்தது.

பஸ்ஸில் அவளைப் பார்த்த கொழுந்தியா தீபலட்சுமி, களிம்பு ஆளைச் சிவப்பாக்குகிறது என்று ஊரில் சொல்லிவிட்டாள்.

"வெளுக்காது தாயி, வெயிலத்தான் தடுக்கும்" என்று சண்முகவடிவு வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. தனக்கு மட்டும் பதுக்கப் பார்க்கிறாள் என்றார்கள்.

அடுத்த நாள் அலுவலக வாசலில் பாளையம்பட்டியிலிருந்துகூட ஆள் திரண்டு வந்திருந்தது. திட்டம் மகத்தான வெற்றி என்று சங்கரலிங்கம் மேலிடத்துக்குத் தெரிவித்தார். வரிசையில் அவர் வீட்டம்மாவும் இருந்தார். வெளுக்க ஆசைப்பட்டு, நெருப்பாய்க் கொதிக்கும் வெயிலில், ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நின்றார்கள்.

மறுபடி பூசிக்கொள்ள வந்து நின்ற சண்முகவடிவுக்கு முன்னும் பின்னும் மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. அவள் வெளுப்பு ஒட்டிக்கொள்ளும் என்று அத்தனை பேருக்கும் பயம்.